மார்த்தா வீட்டு விருந்து

பெர்கன், நார்வே

அன்புள்ள அம்மாவுக்கு சஹானாவின் வணக்கம். நான் நலம். மேல்சித்தாமூரில் நீயும் அப்பாவும் நலம்தானே?

தூதரகத்தின் பண்பாட்டுப் பரிமாற்ற நிதியில் வந்தவர்கள் வாரம் ஒருமுறை உள்ளூர்க்காரர் வீட்டில் சாப்பிட்டுப் படம் அனுப்ப வேண்டும். நேற்று மார்த்தா வீடு. "சூப்பில்..." என்று வாயெடுப்பதற்குள், "வெறும் காய்கறிதான்" என்றாள். கேட்டு முடிக்கும் முன்பே வந்த பதிலை நம்ப முடியவில்லை. அடுப்படியில் எட்டிப் பார்த்தேன், மீன் தலை கிடந்தது! சிரித்து மழுப்பி, ரொட்டியோடு எழுந்துவிட்டேன்.

வறுத்த மல்லாட்டை கொஞ்சம் அனுப்பு; இங்கே கிடைக்கும் வேர்க்கடலையில் அந்த ருசி இல்லை.

அங்கே இருட்டிய பிறகு நான் கூப்பிடும் போனில் அப்பா பேச்சை எடுத்தாலே நீயும், "கழனிக்குப் போயிருக்காரும்மா" என்கிறாய். பொழுது சாய்வதற்குள் வீட்டில் சாப்பிட உட்காருகிறவருக்கு இருட்டில் கழனியில் என்ன வேலை?

பஸ் வந்துவிட்டது. நாளை பேசும்போது, நான் கேட்டு முடித்த பிறகு பதில் சொல்லும்மா.

சஹானா