ஓடைமறிச்சான்பட்டிக் கல்லில் விடுபட்ட நான்கு வரிகள்

அனுப்புநர்:
சு. முத்துமாரியம்மாள் (வயது 85),
த/பெ. சுருளியாண்டி,
கீழத்தெரு, ஓடைமறிச்சான்பட்டி,
உத்தமபாளையம் வட்டம், தேனி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தேனி.

பொருள்: ஊர்ப் போர் நினைவுக் கல் – புதுப்பித்தபோது, போரில் மாண்ட பொதுமக்கள் நால்வரை நீக்கியது – படைவீரர்களுடன் சேர்த்து மீண்டும் பொறிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. கிராம சபைத் தீர்மானம், நாள் 15.08.2023.
2. ஊராட்சிச் செயலரிடம் நான் கொடுத்த மனு, நாள் 29.01.2024.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

1. எங்கள் ஊர்க் கல்லில் எழுபத்தாறு ஆண்டுகளாக ஒன்பது வரிகள் இருந்தன. இப்போது ஐந்து இருக்கின்றன. முதல் நான்கு வரிகளை ஊராட்சி எடுத்துவிட்டது. அந்த நான்கில் மூன்று என் தகப்பனார், என் தாயார், என் தங்கை.

2. என் தகப்பனார் சுருளியாண்டி ரங்கூன் துறைமுகத்தில் அரிசி மூட்டை இறக்கியவர். 23.12.1941 அன்று ஜப்பான் விமானம் போட்ட குண்டில் அங்கேயே இறந்தார். எங்கள் ஊர்க்காரர் ஹக்கீம் அங்கே சிறு கடை வைத்திருந்தார். அவரும் அவர் மனைவி ஜெய்த்தூன் பீவியும் என் தாயார் சுப்புத்தாயையும், மூன்று வயதான என்னையும், கைக்குழந்தையான தங்கையையும் கூட்டிக்கொண்டு கால்நடையாகப் புறப்பட்டார்கள். பர்மா எல்லையில் உள்ள தமுவைத் தாண்டிய மலைப்பாதையில் என் தாயார் போய்விட்டார். பால் இல்லாமல் இரண்டாம் நாள் தங்கை. என்னைத் தோளில் தூக்கி வந்த ஹக்கீம், இம்பால் சேர்ந்த மூன்றாம் நாள் வாந்திபேதியில் போனார். ஜெய்த்தூன் பீவி அம்மாள் தனியாக என்னை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். இதை அவர் வாயால் பல முறை கேட்டிருக்கிறேன்.

3. எங்கள் ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போன ஐந்து பேரும் அதே போரில் இறந்தார்கள். 1947-இல் ஊரார் கூடிச் சாவடி அருகே கல் நட்டார்கள். முதலில் இறந்தவர் முதலில் என்று வரிசை வைத்தார்கள். அதனால் சுருளியாண்டி, சுப்புத்தாய், பெண் குழந்தை, ஹக்கீம், அதற்குக் கீழே ஐந்து வீரர்கள். மேலே தலைப்பு: "சண்டையில் போனவர்கள்".

4. சென்ற ஆண்டு சாலையை அகலப்படுத்தியபோது ஜேசிபி பட்டுக் கல் இரண்டாக உடைந்தது. அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. "பழைய கல்லில் உள்ளவாறே புதிய கல் அமைப்பது" என்று கிராம சபை தீர்மானம் போட்டது. நானும் கைதூக்கினேன். 26.01.2024 அன்று திரையை விலக்கியபோது பளபளப்பான கருங்கல்லில் இருந்த தலைப்பு இது: "போருக்குச் சென்று வீரமரணம் அடைந்தவர்கள்". கீழே ஐந்து பெயர்கள்.

5. ஊராட்சிச் செயலரிடம் விளக்கம் கேட்டேன். பழைய தலைப்பு பேச்சுத் தமிழில் இருந்ததால் திருத்தினேன் என்றார். திருத்திய பிறகு பார்த்தால் மேலே உள்ள நான்கு பேரும் போருக்குச் செல்லவில்லை, ஆகவே தலைப்புக்குப் பொருந்தவில்லை, எடுத்துவிட்டேன் என்றார். அவர் வெளியூர்க்காரர். எங்கள் பக்கம் "பெரியவர் போயிட்டாக" என்று சொன்னால், எந்த பஸ்ஸில் என்று யாரும் கேட்பதில்லை. "சண்டையில் போனவர்கள்" என்றால் சண்டையில் செத்தவர்கள். "சண்டைக்குப் போனவர்கள்" என்றால் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். நான் பள்ளிக்கூடம் போனதில்லை. ஏலக்காய்க் கடையில் காய் பிரிக்கும்போது, மூட்டைகளில் எழுதியிருந்த ஊர்ப் பெயர்களைப் பார்த்து எழுத்துக் கற்றவள். ஆனாலும் "இல்" வேறு, "கு" வேறு என்று எனக்குத் தெரியும். ஓர் உருபை மாற்றிவிட்டு, அந்த மாற்றத்துக்குப் பொருந்தவில்லை என்று நான்கு பேரை நீக்குவது திருத்தம் ஆகாது.

6. அன்று நடந்த பேச்சைச் சாட்சியத்துக்காக அப்படியே எழுதுகிறேன். செயலர், "பாட்டி, அவங்க யாராவது துப்பாக்கி புடிச்சாங்களா?" என்றார். "இல்லய்யா, குண்டு விழுந்தப்ப எங்கய்யா அரிசி மூட்டைதான் புடிச்சிருந்தாக" என்றேன். "அப்ப அது விபத்து பாட்டி" என்றார். "ஆகாசத்துல இருந்து குறி பார்த்துப் போட்டது எங்கனய்யா விபத்து ஆகும்?" என்றேன். அவர், கையெழுத்துப் போட வேண்டிய வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டார்.

7. மற்ற மூவரும் நோயிலும் பசியிலும் இறந்தவர்கள், அதைப் போர்ச்சாவு என்று சொல்ல முடியாது என்றும் பிறகு ஒரு காரணம் சொல்லப்பட்டது. புதிய கல்லில் மூன்றாவதாக இருக்கும் ஈஸ்வரபாண்டி முகாமில் மலைக்காய்ச்சல் கண்டு இறந்தவர். அவர் பெயரை எடுக்கச் சொல்லவில்லை, எடுக்கவும் கூடாது. காய்ச்சலில் இறந்த வீரருக்கு உள்ள இடம், வாந்திபேதியில் இறந்தவருக்கும் உண்டு என்றுதான் சொல்கிறேன்.

8. கூலிக்காரர் பெயருக்குக் கீழே வீரர்கள் பெயர் இருப்பது ராணுவத்துக்கு மரியாதைக் குறைவு என்றும் ஊராட்சியில் சொன்னார்கள். இதற்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. கல்லில் உள்ள வீரர் ராக்கையாவின் பேரன் வேல்பாண்டி, இருபத்திரண்டு ஆண்டு ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், ஊராட்சி அலுவலகத்திலேயே சொன்னார்: "எங்க தாத்தா பேரு இத்தன வருசமா அஞ்சாவதாத்தான் இருந்துச்சு. அவருக்கு ஒண்ணும் கழுத்து வலிக்கல. ஒங்களுக்கு ஏன் வலிக்குது?" அவரும் இந்த மனுவில் கையெழுத்திட்டிருக்கிறார்.

9. நால்வருக்கும் தனியாக ஒரு சிறு கல், நிழற்குடைக்குப் பின்னால் வைத்துத் தருவதாகச் சமாதானம் பேசினார்கள். மறுத்துவிட்டேன். தேர்தல் முடியட்டும் என்றார்கள். காத்திருந்தேன். முடிந்துவிட்டது.

10. என் தாயாருக்கும் தங்கைக்கும் சமாதி கிடையாது. எந்தப் பாறையோரம் விட்டு வந்தார்கள் என்று ஜெய்த்தூன் அம்மாளுக்கே அடையாளம் சொல்லத் தெரியவில்லை. ஒரு படமும் இல்லை. அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு உலகத்தில் அந்தக் கல் ஒன்றுதான் எழுத்தாக இருந்தது. அதில் தலைப்பும் முதல் நான்கு வரிகளும் உள்ள மேல்பாதி, இன்று ஊராட்சி மோட்டார் அறைக்குப் படியாகக் கிடக்கிறது. எழுத்து மேல்பக்கம் பார்த்திருக்கிறது. தினமும் இரண்டு வேளை அதை மிதித்து ஏறித்தான் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். ஹக்கீமின் பேத்தி நசீமா எடுத்த புகைப்படம் இணைத்துள்ளேன்.

11. ஆகவே, வரும் ஆகஸ்டு 15 கிராம சபைக்கு முன்பாகக் கீழ்க்கண்டவை நடந்தாக வேண்டும்:

அ) வட்டார வளர்ச்சி அலுவலர் நேரில் வந்து, மோட்டார் அறைப் படியிலிருந்து பழைய கல்லை எடுத்துச் சாவடியில் வைக்க வேண்டும். இதற்கு ஆகஸ்டு வரை காக்க வேண்டாம். ஒரு நாள் போதும்.

ஆ) ஊராட்சித் தலைவர், தீர்மானத்தில் உள்ளபடி ஒன்பது வரிகளோடும் பழைய வரிசையோடும் ஒரே கல்லாகச் செய்து நட வேண்டும்.

இ) ஊராட்சிச் செயலர் தலைப்பைத் தொடக் கூடாது. "சண்டையில் போனவர்கள்" என்றே இருக்க வேண்டும்.

ஈ) தாங்கள் இவற்றை எழுத்து மூலம் ஆணையிட்டு, நகலை எனக்கும் நசீமாவுக்கும் வேல்பாண்டிக்கும் அனுப்ப வேண்டும்.

உ) கல் கொத்துபவருக்கு ஒன்று சொல்லி அனுப்ப வேண்டும். எங்கள் வழக்கப்படி குலதெய்வம் கோயிலில் வைத்துத்தான் குழந்தைக்குப் பெயர் வைப்போம்; தங்கைக்கு ஊர் போய் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். ஆகவே மூன்றாம் வரிக்கு அவர் பெயர் கேட்டு யாரிடமும் அலைய வேண்டாம். பெயர் இல்லை என்று வரியை விட்டுவிடவும் வேண்டாம். "பெண் குழந்தை" என்று, மற்ற எட்டுப் பேருக்கும் வெட்டுகிற அதே அளவு எழுத்தில் வெட்ட வேண்டும்.

இடம்: ஓடைமறிச்சான்பட்டி
நாள்: 10.06.2024

(ஒப்பம்) சு. முத்துமாரியம்மாள்

உடன் கையொப்பம்:
நசீமா, ஹக்கீம் – ஜெய்த்தூன் பீவியின் பேத்தி
வேல்பாண்டி, ராக்கையாவின் பேரன்