திசைகாட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையார்

மச்சான்,

நேற்று மாலை இடப்பக்க இஞ்சினுக்கு பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தபோது ஒரு நட்டு கைநழுவி அடியில் விழுந்துவிட்டது. எண்ணெயும் கடல்தண்ணீரும் தேங்கிக் கிடக்கும் அந்தப் பள்ளத்தில் கையை விட்டுத் துழாவ இப்போதெல்லாம் என் தோள் ஒத்துழைப்பதில்லை. கருவிப்பெட்டி மூலையிலிருந்து, நைலான் கயிற்றில் கட்டிய அந்த வட்டக் காந்தத்தை எடுத்து உள்ளே இறக்கினேன். நட்டோடு, எப்போதோ காணாமல்போன ஒரு வாஷரும் சேர்ந்து வந்தது. புதுக் கேப்டன் ஜித்ராக்கார மலாய்க்காரர், நல்ல மனிதர். குனிந்து பார்த்துவிட்டு இதை எங்கே வாங்கினாய் என்று கேட்டார். வாங்கவில்லை, மச்சான் கொடுத்தது என்றேன். ஒரு பிள்ளையாருக்கு அடியிலிருந்து பெயர்த்தது என்று சொல்லியிருந்தால் முழுக் கதையையும் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

அந்தக் கதையை உனக்கே சொல்வது வேடிக்கைதான். ஆனால் அதில் உனக்குத் தெரிந்து, எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாமல் போன ஒரு துண்டு இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நீ லூனாஸ் பக்கம் தோட்டத்து எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தாய். நான் கூலிமில் கையுறைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். லங்காவியில் உல்லாசப் படகுகளுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று முதலில் கிளம்பியது நீதான், என்னையும் இழுத்துக்கொண்டாய். தீவுகளுக்கு நடுவே சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு கூலிக்கு உழைத்த காலம்வரை என் தங்கச்சி, அதுதான் உன் மனைவி, ஒன்றும் சொல்லவில்லை. உனக்கு கேப்டன் உரிமம் கிடைத்து, ஒரு முதலாளி தன் படகை நம்பி உன் கையில் கொடுத்தபோதுதான் பிரச்சினை வந்தது. பினாங்குப் பட்டறையில் பழுது பார்த்து முடித்த படகை லங்காவிக்கு நாம் இருவர் மட்டும் கொண்டுபோக வேண்டும். கரை தெரியாத கடல் என்று யாரோ அவளிடம் சொல்லிவைத்திருந்தார்கள். அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியவில்லை.

கடைசியில் அவளே ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். "சாமி உங்க கண்ணு முன்னால இருக்கணும். இருக்கிறவரைக்கும் போங்க. எடுத்தீங்கன்னு தெரிஞ்சா, மறுநாளே லாரிதான்லா." நீ தலையாட்டினாய். அவள் சொன்னால் செய்கிறவள் என்பது நம் இருவருக்கும் தெரியும்.

பாடாங் செராய் கோயிலுக்கு எதிர்க்கடையில் அவள் வாங்கியது கார்களில் முன்னால் வைக்கும் சின்னப் பிள்ளையார். அடியில் இருபக்கமும் ஒட்டும் டேப்பை வீட்டிலேயே ஒட்டி எடுத்து வந்தாள். படகைத் தண்ணீரில் இறக்கும் நாளில், எலுமிச்சம்பழங்களைக் கையில் வைத்துக்கொண்டு, "சக்கரம் எங்கண்ணே இதுக்கு?" என்று என்னைக் கேட்டாள். படகைத் தொட்டில்போல் தூக்கிச் செல்லும் அந்தப் பெரிய பாரந்தூக்கிக்குத்தான் சக்கரங்கள் இருந்தன. அதன் டயர்களுக்கு அடியில் வைத்தாள். அதை ஓட்டிய மலாய்க்காரர் இதெல்லாம் பார்த்துப் பழகியவர்போல; அவள் விலகும்வரை காத்திருந்து, பழங்கள் நசுங்கும்படி பார்த்து ஓட்டினார். பிறகு அவள் மேலே ஏறி வந்து, நீ ஸ்டீரிங் பிடித்தால் நேரே தெரியும் இடத்தில், திசைகாட்டிக்குப் பக்கத்தில், பிள்ளையாரைத் தன் கையாலேயே அழுத்தி ஒட்டினாள்.

வெயிலோடுதான் கிளம்பினோம். மேற்கிலிருந்து அலை வந்து படகின் இடப்பக்கத்தில் சீராக அடித்துக்கொண்டிருந்தது. நீ திரையில் தெரிந்த வரைபடத்தைப் பார்த்து வடக்கே ஓட்டினாய். திசைகாட்டியை நாம் இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாதி வழியில் மேற்கு வானம் கறுத்தது. நீ சன்னலைச் சாத்துவதற்குள் ஒரு அலை உள்ளே வந்து கருவிப்பலகையெல்லாம் நனைத்துவிட்டது, திரை அணைந்தது. அதன்பிறகு திசைகாட்டி ஒன்றை நம்பித்தான் ஓட்டினாய். அதோடு மழை. படகின் மூக்கே கண்ணுக்குத் தெரியவில்லை.

நீ பதறவில்லை என்று சொல்ல மாட்டேன். பதறினாய், ஆனால் கை பதறவில்லை. தோட்டத்துச் செம்மண் மேட்டில் குலை லாரியை ஏற்றி இறக்கிய அதே கைதான். "ஏறும்போது கொடு, இறங்கும்போது கொறை," என்று உனக்கு நீயே சொல்லிக்கொண்டு அலையின் முதுகில் ஏறும்போது விசையைக் கூட்டினாய், உச்சியில் குறைத்தாய். அப்படியும் சில தடவை படகு காற்றில் தொங்கி, தொம்மென்று விழுந்தது. சமையலறையில் பாத்திரங்கள் உருண்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்போதுதான் வலப்பக்க இஞ்சின் இருமி, நின்றது.

என்ன நடந்திருக்கும் என்று இஞ்சின் அறைக்குள் இறங்கும்போதே தெரிந்துவிட்டது. பட்டறையில் மாதக்கணக்காகக் கிடந்த படகு. தொட்டியின் அடியில் படிந்திருந்த கசடை அலை குலுக்கி எழுப்பிவிட்டது. டீசல் வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தில் கோப்பிக் கடைக் கறுப்புக் கோப்பி மாதிரி நின்றது. அந்தச் சூட்டில், ஒரு காலைத் தொட்டியிலும் மறுகாலைச் சுவரிலும் முட்டுக் கொடுத்துக்கொண்டு வடிகட்டியை மாற்றி, குழாயில் புகுந்த காற்றைக் கைப்பம்பால் வெளியேற்றினேன். நடுவில் ஒருதடவை வாந்தி எடுத்தேன், வடிகட்டி வந்த பெட்டியிலேயே. இஞ்சின் பிடித்துக்கொண்டது. மேலே வந்து நின்றேன். "ம்ம், ஓடுது," என்றாய். அவ்வளவுதான்.

திரும்பி இறங்கப் போனவனை நீ நிறுத்தினாய். "மச்சான், இங்க பாரு. காம்பஸ் வடக்குங்குது. அலை நேரா மூக்குல அடிக்குது. அலை திரும்பிடுச்சா, நாம திரும்பிட்டோமா?"

காலையிலிருந்து இடப்பக்கம் அடித்த அலை அதற்குள் திரும்ப வாய்ப்பில்லை. கருவிப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த என் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். அதன் வரைபடத்தில் நீலப்புள்ளி மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் சுமத்ராவரைக்கும் வெறும் தண்ணீர். நம்மிடம் இருந்ததோ கசடு கலந்த டீசல்.

தொழிற்சாலையில் எந்த இயந்திரம் நின்றாலும் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான். அதையே உன்னிடமும் கேட்டேன். "பட்டறையில காம்பஸ பாத்துத்தான குடுத்தாங்க. அதுக்கப்பறம் புதுசா என்ன வந்துச்சு இங்க?"

இருவரும் ஒரே நேரத்தில் பிள்ளையாரைப் பார்த்தோம். என் கையில் இருந்த திருப்புளியை அவர் பாதத்தருகே கொண்டுபோனேன். அது தானாகப் போய் ஒட்டிக்கொண்டது. டேப்புக்கு மேலே, அவருடைய பீடத்துக்குள், காரின் இரும்பில் நிற்பதற்காக வைத்த காந்தம்.

நீ கன்னத்தில் போட்டுக்கொண்டாய். பிறகு அவரைப் பெயர்த்து என் கையில் கொடுத்தாய். திசைகாட்டியின் வட்டத் தட்டு கொஞ்சம் யோசித்துவிட்டு மெல்லத் திரும்பி, படகு மேற்கே போவதைக் காட்டியது. "கீழ கொண்டு போ. பத்திரமா வை," என்றாய். அந்த நேரம் பார்த்து இடப்பக்க இஞ்சினும் ஏறி இறங்கி முனகத் தொடங்கியது. நீ என்னைப் பார்க்காமலே சொன்னாய், "வடகிழக்க திருப்பணும். குறுக்க திரும்பும்போது இந்த ஓம்பாக், அலை, பக்கவாட்டுல அடிச்சா கவுந்துருவோம். சட்டுனு திரும்ப ரெண்டும் வேணும்டா."

பிள்ளையாரைத் துண்டில் சுற்றி, இஞ்சின் அறையில் கந்தல் துணிகளுக்கு நடுவே உட்கார வைத்துவிட்டு, இடப்பக்க வடிகட்டியையும் மாற்றினேன். அப்போது எனக்குப் பயமாக இருந்தது, மச்சான். கை வேலை செய்தது, உள்ளே என் தங்கச்சியிடம் என்ன சொல்வது என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் மேலே வந்து தலையாட்டியதும் நீ பெரிய அலைகள் கூட்டமாகக் கடந்து போகட்டும் என்று காத்திருந்தாய். கொஞ்சம் ஓய்ந்த இடத்தில் ஒரு இஞ்சினை முன்னால் தள்ளி, மற்றதைப் பின்னால் இழுத்து, படகை நின்ற இடத்திலேயே திருப்பினாய். ஒருபக்கமாகச் சாய்ந்தது, நான் கைப்பிடியில் தொங்கினேன். அப்புறம் நிமிர்ந்தது. வெளிச்சம் இருக்கும்போதே லங்காவியின் குவா துறைக்கு வந்து சேர்ந்தோம்.

படகைக் கட்டியதும் நீ செய்த முதல் வேலை, கத்தியால் அந்தக் காந்தத்தைக் கிளறி எடுத்ததுதான். ஓட்டையை வெள்ளை சிலிக்கோன் வைத்து அடைத்தாய். பிள்ளையாரை மறுபடியும் அதே இடத்தில் ஒட்டிவிட்டு, காந்தத்தை என்னிடம் தூக்கிப் போட்டாய். "உன் தங்கச்சிகிட்ட வாயத் தொறக்காத. சாமியே வழி மாத்தி உட்டாருன்னு தெரிஞ்சா, நாளைக்கே குலை ஏத்தப் போகணும்."

நான் திறக்கவில்லை. உன் பிழைப்பு என் நாக்கில் தொங்குகிறது என்று நினைத்துக்கொண்டு வருஷக்கணக்காக வாயைக் கட்டினேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்குத் தட்டை நீட்டும்போது அவள் கேட்பாள், "பிள்ளையார் எப்படிண்ணே இருக்காரு?" நல்லா இருக்காரும்மா என்று முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு சொல்வேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டிருப்பாய்.

அவள் பயந்தது கடலுக்கு. உனக்கு வந்தது சர்க்கரை. கால் புண், பிறகு சிறுநீரகம், வாரத்தில் பாதி நாள் ரத்தச் சுத்திகரிப்பு. நீ படகை விட்டு இறங்கும்போது பிள்ளையாரையும் பெயர்த்து வீட்டுக்கு எடுத்துப் போனாய். ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோதுகூட இஞ்சின் எப்படி என்றுதான் கேட்டாய். நீ போனதை நான் பெரிதாக அழுது தீர்க்கவில்லை. எனக்கு அது வராது. மேலே யாராவது ஸ்டீரிங் திருப்பும் சத்தம் கேட்டால் மட்டும் சற்றுநேரம் கை நிற்கும்.

உன் கருமாதி முடிந்த மறுநாள் தங்கச்சி வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டிவி மேல் இருந்த பிள்ளையாரை எடுத்தவள், கவிழ்த்து, அடியில் இருந்த வெள்ளை அடைப்பை என்னிடம் காட்டினாள்.

"இது என்னண்ணே?"

"பழசாயி ஒடைஞ்சிருக்கும். அடைச்சிருப்பான்," என்றேன். பழக்கம், மச்சான். நீ இல்லாவிட்டாலும் வாய் தானாகக் காவல் காத்தது.

அவள் சிரித்தாள். நீ போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள். "போதும்ணே. அவரு அன்னைக்கே சொல்லிட்டாரு. போட்ட கட்டிட்டு, ராத்திரி போன் பண்ணி ஒன்னு விடாம சொன்னாரு."

எனக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை தீபாவளியும் என்னை உட்கார வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள், புருஷனும் பெண்டாட்டியும். கோபம் கொஞ்சம் இறங்கியதும் கேட்டேன், அப்புறம் எதை நம்பி அவனைப் போக விட்டாய் என்று.

அவள் பிள்ளையாரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "போகாதீங்கன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அவரு சொன்னாரு, 'மேல நான் தப்பான பக்கம் ஓட்டிக்கிட்டு இருந்தேன். கீழ உங்கண்ணன் சூட்டுல வெந்து ரெண்டு இஞ்சினையும் ஓட வச்சான். அவன் கீழ இருந்தான்னா நான் எங்க போனாலும் வந்துருவேன்'னு. அதுக்கப்பறம் உங்களத்தான்ணே நம்பி விட்டேன். சாமி எப்படி இருக்காருன்னு கேட்டது, நீங்க என்ன முழி முழிக்கிறீங்கன்னு பாக்கத்தான்."

நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

இதைத்தான் கேட்க வந்தேன். அவளிடம் சொன்ன அந்த வார்த்தையை என்னிடம் ஏன் ஒருநாளும் சொல்லவில்லை? எத்தனை வடிகட்டி, எத்தனை பம்பு, எத்தனை பெல்ட். உன் வாயிலிருந்து வந்ததெல்லாம் "ம்ம், ஓடுது" மட்டும். சொல்லியிருந்தால் நான் மண்டைக்கனம் பிடித்து அலைந்திருப்பேன் என்று நினைத்தாயோ என்னவோ. கொஞ்சம் அலைந்திருப்பேன்தான்.

தினமும் மாலையில் அவள் உனக்குப் போன் செய்வாள் இல்லையா, கரையேறிவிட்டாயா என்று. நீ எரிச்சலோடு பதில் சொல்வாய், அவள் செய்யாவிட்டால் கைபேசியையே பார்த்துக்கொண்டிருப்பாய். இப்போது எனக்குச் செய்கிறாள். நேற்று அந்த நட்டை எடுத்து முடுக்கி, சோதித்து, கைகழுவிக்கொண்டிருந்தபோதும் கூப்பிட்டாள்.

"கரையேறிட்டீங்களாண்ணே?"

"ஏறிட்டேம்மா."

"இஞ்சின்?"

கயிற்றோடு அந்தக் காந்தத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே சொன்னேன். "ம்ம், ஓடுது."