கையில் எடுத்துப் பேசுங்கள்

ஏங்க, புது ஹாம் ரேடியோ வாங்க ஓடாதீர்கள். இருக்கிற செட்டை நீங்கள் தூங்கும்போது பார்த்துவிட்டேன். பேட்டரி நிறைய இருக்கிறது, ஆன்டெனா இறுக்கமாக இருக்கிறது, பவரும் ‘ஹை’யில்தான் இருக்கிறது.

கோளாறு உங்கள் இடுப்பில். நேற்று சாயங்காலம் பேக்கரியில் வேலைக்கு நடுவே நம் பழைய செட்டைப் போட்டுக் கேட்டேன். நமக்குள் பேச்சுதான் நின்றிருக்கிறது, என் காது நிற்கவில்லை. உங்கள் சிநேகிதர் “ஒண்ணும் கேக்கலப்பா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நீங்கள் பேசியது எனக்கும் வெறும் இரைச்சல்தான். “இரு, பேட்டரியப் பாக்கறேன்” என்று செட்டைக் கையில் எடுத்தீர்களே, அப்போது மட்டும் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்டது. பெல்ட்டில் மாட்டிக்கொண்டு மைக்கை மட்டும் பிடித்துப் பேசினால், பாதி அலையை உங்கள் தொப்பையே விழுங்கிவிடாதா?

பிளம்பர் வருவார். சமையலறைக் குழாயைக் காட்டுங்கள். சாப்பாடு அடுப்பு மேடையில்.

செட் கையில் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், “தப்பு என் மேலதான், அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு…” என்றீர்கள். அதற்குள் மறுபடி இடுப்புக்குப் போய்விட்டது. நாலு மணிக்குப் பால்கனியில் நின்று, செட்டை முகத்துக்கு நேராக நிமிர்த்திப் பிடித்து, மீதியைச் சொல்லுங்கள். பழைய செட் என் பையில் இருக்கிறது.

சிநேகிதருக்கும் கேட்கும். கேட்கட்டும்.