குருவின் கம்ப்யூட்டருக்கு ஒரு போர்டு

11 ஜூன் 2024, செவ்வாய்

வங்கியிலிருந்து வந்து குக்கரை ஏற்றிக்கொண்டிருந்தேன். என் கணவர் குருவின் அறையிலிருந்து ஒரு சத்தம். நவம்பரில் பக்கவாதம் வந்து நாற்காலியிலிருந்து சரிந்தாரே, அன்று எழுப்பிய அதே சத்தம். ஓடினேன். அவருக்கு ஒன்றுமில்லை. நான்கு திரைகளும் இருண்டு கிடந்தன, கருகிய வாடை. இடது கையால் மேஜையைத் தட்டி, "சாவி... சாவி..." என்றார். கம்ப்யூட்டர் என்று சொல்ல வருகிறார். வார்த்தைகள் இடம் மாறிப்போய் ஏழு மாதம் ஆகிறது.



12 ஜூன்

மறுபடி ஓடுகிறது. பத்து நிமிடம். பிறகு நின்றுவிடுகிறது.

15 ஜூன், சனி

கம்ப்யூட்டரை டாக்ஸியில் சாந்தினி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனேன். கடையில் தாரா என்ற பெண் பக்கத் தகட்டைக் கழற்றினாள். இரண்டு பெரிய கிராபிக்ஸ் கார்டுகள், நடுவே விரல் நுழையாது. ஒன்று கப்பல் சண்டை விளையாட்டுக்கு, மற்றது விளையாட்டின் வரைபடத்துக்கும் ஆட்டத்தைப் பதிவு செய்யவும்.

"பௌதி, மேல் கார்டுக்கு மூச்சு விட இடமே இல்ல. எல்லாத்தையும் தாங்குற மதர்போர்டு கருகிடுச்சு. மாத்தித்தான் ஆகணும்." பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி.

இரண்டு போர்டுகளின் படம் காட்டினாள். ஒன்று உடனே கிடைக்கும். இன்னொன்று வர இரண்டு வாரம். எது நல்லது? "தாதாவையே கேளுங்களேன்" என்றாள்; அண்ணன் என்று குருவைத்தான் சொல்கிறாள். எப்படிக் கேட்பது என்று அவளிடம் சொல்லவில்லை.

கம்ப்யூட்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சொன்னாள்: டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறதாம். போர்டை மாற்றினால் நாற்பத்தெட்டு இலக்க எண் கேட்குமாம். "அது இல்லாம மாத்தினா உள்ளே இருக்கறது எல்லாம் போயிடும்."

உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத்தானே தெரியும். நான்கு வருஷமாக அவர் விளையாடியதன் பதிவுகள். கூட்டாளிகளை வங்காளியில் அதட்டுகிற குரல், நடுவில் என்னிடம் காபி கேட்கிற குரல். சனிக்கிழமை அவர் பிசியோதெரபிக்குப் போகும் ஒரு மணி நேரம் அதைத்தான் கேட்கிறேன். பக்கத்து அறையில் உயிரோடு இருப்பவரின் குரலைத் திருட்டுத்தனமாக. அவருக்குத் தெரிந்தால்?

16 ஜூன்

எண்ணைக் கேட்டேன். பேனாவை வாங்கி இடது கையால் எழுதினார். 7. பிறகு 7. மறுபடி 7. பேனாவை வீசிவிட்டு அழுதார்.

ஏன் கேட்டேன்? தெரிஞ்சே ஏன்டி கேட்ட?

17 ஜூன்

தாரா போனில்: "இன்னும் பத்து நிமிஷம் ஓடுதில்ல? அந்த எண்ணை கம்ப்யூட்டரே காட்டும். படம் எடுத்துக்குங்க. ஒரு கார்டைக் கழட்டிடுங்க, சூடு குறையும். ஆனா பௌதி, அந்த போர்டு இன்னும் எத்தனை தடவை திறக்கும்னு நான் சொல்ல முடியாது."

18 ஜூன்

வங்கிக்கு லீவு போட்டேன். கார்டைக் கழற்ற எனக்குத் தைரியமில்லை. குரு என்னை ஒதுக்கிவிட்டு, கார்டைப் பிடித்திருக்கும் கொக்கியை அழுத்தி, இடது கையாலேயே உருவினார். முதல் தடவை எண் வருவதற்குள் இருண்டது. இரண்டாவது தடவை திறக்கவே இல்லை. விசிறி மட்டும் சுற்றியது. போச்சு, எல்லாம் போச்சு என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். அரை மணி ஆறவிட்டு அவரே பொத்தானை அழுத்தினார். வந்தது. ஆறு படம் எடுத்தேன். ஐந்து மங்கல், ஒன்று தெளிவு. அதைத் தாளில் எழுதி, மூன்று முறை சரிபார்த்தேன்.

19 ஜூன்

போர்டுப் படங்களை அவர் முன் வைத்தேன். "எதுங்க?" உடனே கிடைக்கும் போர்டின் மேல் இரண்டு விரல்களை ஒட்டி வைத்துத் தலையாட்டினார், வேண்டாமென்று. பிறகு சொன்னார்: "நெருக்கம்."

சரியான வார்த்தை! ஆனாலும் பயம். தற்செயலாக வந்ததோ? ஒன்றும் புரியாமலே தலையாட்டுவார் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். படங்களை இடம் மாற்றி வைத்து மறுபடி கேட்டேன். இரண்டு வாரம் ஆகும் போர்டின் படத்தையே என் பக்கம் தள்ளினார். சோதிக்கிறேன் என்று புரிந்துவிட்டது. அந்தப் பார்வை. இரவு வரை என் பக்கம் திரும்பவில்லை.

கார்டுகளுக்கு நடுவே இடைவெளி அதிகமுள்ளதையே தாராவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் ஆகட்டும்.

3 ஜூலை

பொருத்தியாகிவிட்டது. தாரா வீட்டுக்கே வந்தாள். நீலத் திரை எண் கேட்டது. அடித்தேன். தவறு என்றது.  தாரா தாளைப் பிடுங்கி, "இது ஒண்ணா ஏழா?" என்றாள். ஏழு. மாற்றி அடித்ததும் திறந்தது.

7 ஜூலை, ஞாயிறு

காலையிலிருந்து மழை. சமையலறையில் இருந்தேன். "தயிர்! தயிர்!" என்று கத்தினார். சாப்பிடக் கேட்கிறாரோ என்று கிண்ணத்தோடு போனால், மைக் போட்டிருக்கிறார். நவம்பருக்குப் பிறகு முதல் தடவை. இதுவரை மைக் கெட்டுவிட்டதாக நான்தான் கூட்டாளிகளுக்குத் தட்டச்சு செய்து சமாளித்து வந்தேன். கேலி செய்தால்? இனி கூப்பிடாமலே விட்டுவிட்டால்? ஓடிப்போய் மைக்கை அணைத்துவிட நினைத்தேன். ஆனால் அங்கேயே நின்றுவிட்டேன்.

 அந்தப் பக்கம் கூட்டாளி ஒருவன், வங்காளியில்: "குரு-தா? உங்க குரலா?"

"ம்."

"தயிர்னா என்ன? டார்பிடோவா?"

"ம்! ம்!"

"சரி, எல்லாரும் கேளுங்கப்பா. குரு-தா தயிர்னா டார்பிடோ. விடுங்க!"

யாரும் சிரிக்கவில்லை. கிண்ணத்தோடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். டார்பிடோ பாய்ந்து எதிரிக் கப்பல் மூழ்கியதும் முதலில் சிரித்தவர் குருதான்.