பெரிய காலேஜுக்கு ‘வேண்டாம்’ சொன்னது நான்தான்

பாப்பா, சாப்பாடு மூடி வச்சிருக்கேன். சாவி உன் செருப்புக்குள்ள.

நேத்து சண்டைக்கு முன்னாடியே, உனக்குத் தெரியாம, உன் போன்ல, பெரிய காலேஜ்ல உனக்குக் கிடைச்ச சீட்டுக்கு ‘வேண்டாம்’னு அழுத்திட்டேன். பக்கத்து காலேஜே போதும்னு நெனச்சேன். பெரிய காலேஜ்ல படிச்சாதான் இன்வெஸ்ட்மென்ட் பேங்க்ல எடுப்பாங்கன்னு எனக்கும் தெரியும். பதினோரு வருஷமா அந்த பேங்க்ல வேலை பாக்குறவங்களுக்குத்தானே கார் ஓட்டுறேன். பின்சீட்ல அவங்க அம்மாவுக்குப் போன் போட்டு அழறதைக் கண்ணாடியில பார்த்துப் பார்த்து மனசு விட்டுப்போச்சு.

நேத்து சண்டையில, “அந்தப் பின்சீட்ல அவங்க உட்காரலாம், உங்க பொண்ணு அங்க உட்காரக் கூடாதாப்பா?”ன்னு கேட்டே.

இன்னைக்கு மூணு மணிக்குள்ள மாத்தலாமாம். அந்தப் பெரிய காலேஜுக்கே போறேன். கால்ல விழுந்தாவது கேக்குறேன்.

அப்பா

சீட்டு கிடைக்கலைன்னா எந்த முகத்தோட திரும்பி வர்றதுன்னு தெரியல. கிடைச்சா ஒண்ணு மட்டும்: அழுகை வர்ற அன்னைக்கு என் வண்டியில ஏறு.