குழம்புக் கறை பட்ட விண்ணப்பம்

பெரியவனின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்றால் நீ கேட்கவா போகிறாய்!

கல்லூரி வேண்டாம், கம்பெனியில் கூப்பிடுகிறார்கள் என்று பெரியவன் குதிப்பதாக எழுதியிருந்தாய். இங்கே நடந்த கூத்தைக் கேள். போன வருஷம் எங்களுக்கு வேலை குவிந்து கிடந்தது. மாலைக் கல்லூரி எழுத்தர் தொழிற்சாலை வாசலில் நின்று விண்ணப்பங்களை நீட்டினார். படிக்க யாருக்கு நேரம்? அவற்றை விரித்துப்போட்டுத்தான் சாப்பிட்டோம். இந்த மாதம் ஒரு ஷிப்டை மூடிவிட்டார்கள். இப்போது கல்லூரி வாசலில் தெருமுனை வரை வரிசை. புது விண்ணப்பம் தீர்ந்துவிட்டதால், என் அறையில் இருக்கும் மீசைக்காரர் குழம்புக் கறை பட்ட பழையதையே நீட்டினார். எழுத்தர் அதை மோந்து பார்த்தார்.

“போன வருஷம் நாற்காலியெல்லாம் காலியா கெடந்துச்சு, ஒருத்தரும் வரல. இப்ப எல்லாரும் வந்து நிக்கிறீங்க, நாற்காலி இல்ல. வெள்ளிக்கிழமை வரைக்கும் விண்ணப்பம் வாங்குறோம், பாப்போம்” என்றார்.

வரிசையே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நான் மீசைக்காரருக்குத் துணையாகத்தான் போயிருந்தேன்.

கம்பெனி கூப்பிடுகிற இந்த நேரத்தில்தான் அங்கே கல்லூரியில் இடம் சுலபமாகக் கிடைக்கும். அவனைச் சேர்த்துவிடு. கோபப்பட்டால் அப்பா சொன்னார் என்று சொல்.

என் ஷிப்டுக்கு ஒன்றுமில்லை, மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. பீரோவில் உன் சேலைகளுக்கு அடியில் என் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் இருக்கும். படம் எடுத்து அனுப்பு. சும்மாதான் கேட்கிறேன், அவசரமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் போதும்.

உன் வீட்டுக்காரன்