அரக்குச் சட்டையும் ஐந்து பேர் படமும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதும் மடல். இங்கே மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி படியேறும்போது மட்டும் தன் இருப்பைச் சொல்லிவிட்டுப் போகிறது, என் தொண்டை தேறிவிட்டது, தம்பி அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஒழுங்காகப் போய்வருகிறான், பண்டகசாலைப் பொறுப்பு முழுவதும் இப்போது அவனிடந்தான். நீயும் மருமகனும் உண்ணும் வேளைக்கு உண்டு உறங்கும் வேளைக்கு உறங்கி உடல்நலத்தோடு இருக்கிறீர்கள் என்று நம்பியே எழுதுகிறேன். சென்ற வாரம் தொலைபேசியில் நீ இரண்டு முறை கேட்டாய், தம்பி ஏன் பேச வரவில்லை, குடும்பப் படம் எடுக்கும் நாளை ஏன் ஒருவரும் உறுதி செய்யவில்லை என்று. இரண்டு முறையும் அவன் கடைக்குப் போயிருப்பதாக அம்மா சொன்னாள். அவன் கடைக்குப் போகவில்லை, அடுத்த அறையில் அமர்ந்து காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தான். இதைத் தொலைபேசியில் சொன்னால் நீ இடைமறிப்பாய், நான் குரலை உயர்த்துவேன், பிறகு இருவருமே அழைப்பைத் துண்டிப்போம். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், முழுவதும் படித்துவிட்டுப் பேசு.

உன் மடல் வந்தால் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது நீ அறிந்ததே. உறையைப் பிரிப்பது அம்மா, உரக்கப் படிப்பது நான், கேட்டுக்கொண்டே உண்பது தம்பி. முன்கூட்டி ஒருமுறை பார்த்துவிட்டுப் படிக்கும் வழக்கம் எனக்கு இல்லை. நாற்பது ஆண்டாக, மேடையில் தாளைப் புரட்டிப் புரட்டிப் பேசுவோரை எள்ளி நகையாடியவன் நான். கண் கண்டதை அக்கணமே வாய் முழங்க வேண்டும் என்பது என் செருக்கு. அன்றும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுதான் படித்தேன். ஏரிக்கரைப் பூங்காவில் மாலை வெயிலில் படம் எடுக்கலாம் என்றது வந்தது. அம்மாவுக்கு வெளிர்நீலம், எனக்கு வெள்ளை, மருமகனுக்குச் சாம்பல் நிறம் என்று உடைப்பட்டியல் வந்தது. ஆண்கள் எல்லாருக்கும் முழுக்கைச் சட்டை என்றது வந்தது. அடுத்து, அப்பா இது உங்களுக்கு மட்டும் என்று நீ எழுதியிருந்த வரியையும் அதே குரலில் படித்தேன். வாய் அங்கேயே நின்றிருக்க வேண்டும். பள்ளத்தைக் கண்ட பிறகு ஓடுகிற வண்டி நிற்குமா? தம்பியின் சட்டையில் இடக்கைக்குள் பஞ்சு திணித்துத் தைத்து, நுனியைக் கால்சட்டைப் பைக்குள் செருகும்படி தையற்காரரிடம் சொல்லுங்கள், பார்ப்பவருக்குத் தெரியாது, அவனிடம் இப்போதே சொல்ல வேண்டாம் என்று நீ எழுதியிருந்ததை, ஏற்ற இறக்கத்தோடு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கடைசிச் சொல் வரைக்கும் படித்து முடித்தேன். அம்மா கரண்டியைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி சினக்கவில்லை. தட்டில் இருந்ததை உண்டு முடித்தான், தட்டைக் கழுவிக் கவிழ்த்தான், கையைத் துடைத்துக்கொண்டு, நல்லாப் படிச்சீங்கப்பா என்றான். பிறகு, நீங்க நாலு பேரும் நில்லுங்க, போட்டோவை நான் எடுக்குறேன், பட்டனை அழுத்த ஒரு கை போதும் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டான். மறுநாள் மாலை அவனை உட்காரவைத்து உடன்பிறப்பின் அன்பைப் பற்றி எடுத்துரைத்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். முழுவதையும் பொறுமையோடு கேட்டான். கடைசியில், மைக் இல்லாமப் பேசுங்கப்பா, பக்கத்து வீட்டுக்காரர் கை தட்டப்போறார் என்றான். அம்மா அதற்கும் மேலே போனாள். ஊருக்கெல்லாம் பேசுற வாய்க்கு, பெத்த பிள்ளைகிட்ட எதைச் சொல்றது எதை முழுங்குறதுன்னு தெரியலையே என்றாள். அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

உன்மேல் பழி சுமத்த இதை எழுதவில்லை மகளே. நீ ஏன் அப்படி எழுதினாய் என்பது எனக்கு விளங்குகிறது. உன் திருமணத்தின்போது அவன் மருத்துவமனையில் கிடந்தான், உன் திருமணப் படம் ஒன்றிலும் அவன் இல்லை, அந்தக் குறையை நீக்கத்தான் ஐந்து பேரும் சேர்ந்த ஒரு படம் வேண்டும் என்கிறாய். நீ விமானம் ஏறுமுன் கடைசியாகப் பார்த்த தம்பி, முழங்கைக்குக் கீழே தொழிற்சாலை வெட்டுப்பொறி கொண்டுபோன இடத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, யாராவது உள்ளே வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவன். அவனுக்குத்தான் நீ சட்டை தைக்கச் சொன்னாய். அவன் இப்போது இங்கே இல்லை. இரண்டு ஆண்டில் அவன் மெல்ல மெல்ல வேறொருவனாகிவிட்டான், அதை உனக்கு எழுதியிருக்க வேண்டியவன் நான். நான் அனுப்பிய மடல்களை எடுத்துப் பார், நாட்டு நடப்பு இருக்கும், கூட்டத்துக்கு வந்தவர் எண்ணிக்கை இருக்கும், தம்பி நலம் என்ற இரண்டு சொல்லுக்குமேல் அவனைப் பற்றி ஒன்றும் இராது.

ஆகவே இப்போது சொல்கிறேன். சென்ற ஆண்டு ஒருநாள், யாரிடமும் சொல்லாமல், அரக்கு நிறத்தில் துணி எடுத்துக்கொண்டு தையற்காரரிடம் தானே போனான். வலக்கை மணிக்கட்டு வரை இருக்கட்டும், இடக்கையை முழங்கையோடு நிறுத்தி மடித்துத் தையுங்கள் என்றிருக்கிறான். அவர் தயங்கித் தயங்கி, முழுசா விட்டு நுனியில ஊசி குத்திக்கலாமே தம்பி என்றாராம். அதுக்கு, காத்துல ஆடுதுண்ணே, குழந்தைங்க பயப்படுது, மிச்சத் துணியில எனக்கு ஒரு கைக்குட்டை தைச்சுக் கொடுங்க என்று சொல்லியிருக்கிறான். இன்று அவனிடம் ஆறு சட்டை, அதே ஆறு நிறத்தில் ஆறு கைக்குட்டை. காலணிக் கயிற்றை ஒற்றைக் கையால் நான் கட்டுவதைவிட விரைவாகக் கட்டுகிறான். குளிருக்குக் கையுறை வாங்கப் போனவன், கடைக்காரன் ஜோடியாத்தான் தருவேன்னு சொல்றான், வலது கை இல்லாத ஆள் ஒருத்தரைத் தேடிக்கிட்டு இருக்கேன், பாதி விலை போட்டுக்கலாம் என்று வேலை செய்யும் இடத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கவைக்கிறானாம். ஒன்றே ஒன்றுதான் அவனைச் சுட்டது. தொழிற்சாலையில் ஆண்டுதோறும் எடுக்கும் குழுப்படம் வந்தபோது, அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் கவிழ்த்து வைத்தான். அம்மா எடுத்துப் பார்த்தாள். வரிசையில் எல்லாரும் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள், அவனுடைய இடப்பக்கம் மட்டும் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு வெற்றிடம். இடிச்சிடுவோமோன்னு விலகி நின்னாங்களாம், அம்மா என்று மட்டும் சொன்னான். அப்படிப்பட்டவனிடம் நம் வீட்டுப் படத்துக்குப் பஞ்சுக் கை என்று நான் முழங்கியிருக்கிறேன்.

இனிப் படக்காரம்மா வந்த கதை. இரண்டு தெரு தள்ளி நிழற்படக் கடை வைத்திருக்கிறாரே, அவரேதான். வெளியில் எடுக்கும் படம் என்றால் ஒரு மாதம் முன்பே வீட்டுக்கு வந்து உடைகளைப் பார்ப்பது அவர் வழக்கமாம். அம்மா எல்லாவற்றையும் கட்டில்மேல் பரப்பினாள். என் வெள்ளைச் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஐயா, வெயில்ல இது சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி நிக்கும், கண்ணு முதல்ல உங்ககிட்டதான் போகும், மத்தவங்க அப்புறம்தான் தெரிவாங்க, மேடைக்கு நல்லது, குடும்பத்துக்கு ஆகாது என்றார். நாற்பது ஆண்டாக வெள்ளையே உடுத்தியவன், சட்டையை வாங்கி மடித்து ஓரமாக வைத்தேன், உள்ளே தம்பி சிரித்தது காதில் விழுந்தது. பின்னால் புல்லும் மரமும் இருப்பதால் பச்சை உடுத்தினால் ஆள் மரத்தோடு மரமாகிவிடுவாராம். பொடிக்கட்டம் படத்தில் நெளியுமாம். எல்லாரும் ஒரே நிறம் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியது போலிருக்குமாம், அடுத்தடுத்து வைத்தால் ஒத்துப்போகிற மூன்று நிறம் போதுமாம். இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவர், பின்கட்டில் கொடியில் உலர்ந்துகொண்டிருந்த அரக்குச் சட்டையைக் கண்டு, இது யாருது, இடது கை ஏன் குட்டையா இருக்கு என்று கேட்டுவிட்டார். அம்மாவுக்கு முகம் வெளிறிப்போயிற்று. தம்பி கதவோரம் வந்து, மெஷின் அளவெடுத்துத் தைச்சது என்றான். அந்த அம்மா சிரிக்கவும் இல்லை, ஐயோ என்று சொல்லவும் இல்லை. சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துவந்து சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இதை மாத்த முடியாதுல்ல, அப்போ இதுல இருந்து ஆரம்பிப்போம், எங்க வேலையில எப்பவும் மாத்த முடியாத துணியை முதல்ல வைப்போம், மத்ததை அதுக்குப் பக்கத்துல வெச்சு வெச்சுப் பார்ப்போம் என்று சொல்லி, அதைக் கட்டிலின் நடுவில் விரித்தார். அம்மாவின் வெளிர்நீலத்தை ஒதுக்கிவிட்டுச் சாம்பல் நிறச் சேலையை வைத்தார். எனக்கு மணல் நிறம் என்றார். உனக்கும் மருமகனுக்கும் கருநீலம் என்றார். தம்பி, நான் நிக்குறேன்னு சொல்லவே இல்லையே என்றான். நில்லுங்க, நிக்காதீங்க, சட்டை நல்ல நிறம் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு இவ்வளவுதான் நடந்திருக்கிறது. மணல் நிறச் சட்டை ஒன்று வாங்கிவிட்டேன்; அதைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றால் யாரோ விருந்தாளி வந்து நிற்பது போலிருக்கிறது. இடக்கையையும் வலக்கையையும் முழங்கையோடு மடித்துவிட்டுக் கொண்டேன், வெயிலுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அரக்குச் சட்டை தேய்க்கப்பட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. தேய்த்தவன் அவனேதான். ஆனால் நிற்பதாக இன்னும் ஒரு சொல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, நான் கேட்டால் அது உரையாகிவிடும்.

உனக்குச் சில சொல்கிறேன், குறித்துக்கொள். பழைய உடைப்பட்டியலைக் கிழித்துவிடு. நீ கருநீலத்தில் கனமான துணியாக எடு, ஏரிக்கரைக் காற்று மெல்லிய துணியைத் தூக்கித் தலையில் போட்டுவிடும், படம் முழுக்க நீ துணியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்பாய். போட்டுக்கொண்டு ஒருமுறை தரையில் உட்கார்ந்து எழுந்து பார், குனிந்து பார், எங்கே பிடிக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். புதுக் காலணி வேண்டாம், புல் ஈரமாக இருக்கும், கடிக்கிற காலணி முகத்தில் தெரியும். மருமகனிடம் அந்தப் பொடிக்கட்டச் சட்டையை விட்டுவரச் சொல், அவருக்கு அது உயிர் என்று எனக்குத் தெரியும், நீயே பக்குவமாகச் சொல். எல்லாவற்றுக்கும் மேலாக, தம்பிக்குத் தனியாக ஒரு மடல் எழுது, உறைமேல் அவனையே குறி. மன்னிப்பு, கண்ணீர் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிவிடாதே, அது அவனுக்குப் பிடிக்காது. நீ என்ன போட்டுக்கொள்ளப் போகிறாய் என்று அவனைக் கேள். எல்லாருடைய உடையையும் பற்றி இந்த வீட்டில் அவ்வளவு பேசினோம், அந்த ஒரு கேள்வியை நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உறையை அம்மா பிரிக்கமாட்டாள், நான் படிக்கமாட்டேன். இந்த மடலையும் ஒட்டுவதற்கு முன் அவனிடமே கொடுக்கப்போகிறேன், அவனைப் பற்றி எழுதியது அவன் கண்ணில் படாமல் இனி இந்த வீட்டை விட்டுப் போகாது.

நீ வந்திறங்கும் மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்குப் படக்காரம்மாவிடம் நேரம் பெற்றிருக்கிறேன், அன்றைக்கு வேறெதையும் வைத்துக்கொள்ளாதே. இருவரும் ஒருவர் சொல்லை ஒருவர் கேட்டு, குறைவின்றி நீடு வாழ்க. அம்மா, உன் பழைய கம்பளிச் சட்டை இங்கேயே இருக்கிறது, வாங்கிச் சுமக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

உன் நலம் நாடும்
அப்பா

பின்னெழுத்து: மடலைத் தம்பி வாங்கிச் சன்னலோரம் நின்று வாய்க்குள் படித்தான். இரண்டு இடத்தில் சிரித்தான். இப்போது எழுதுகோலைக் கேட்கிறான், கீழே ஏதோ எழுத வேண்டுமாம், மடித்து உறையில் இட்டு அவனே ஒட்டுவானாம். என்ன எழுதுகிறான் என்று நான் பார்க்கப்போவதில்லை.

அக்கா, பஞ்சு வேணாம். அரக்குச் சட்டைதான். நீ என் இடது பக்கம் நில்லு, நல்லா ஒட்டி நில்லு, வேற யார் நின்னாலும் இடம் விட்டு நிப்பாங்க. அந்தக் கட்டம் போட்ட சட்டைய மாமா கொண்டுவந்தா ஏரியில போட்டுடுவேன்னு சொல்லு. மடலெல்லாம் எழுத வேணாம், இன்னைக்கே போன் பண்ணு, நானே எடுக்குறேன்.